காலித் தொட்டி சொன்ன பதில்

"இதோ, மறுபடியும்," என்றாள் ஹைக்கே, ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு.

டொக்.

யோஹென் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தனக்கும் கேட்டது என்று ஆகிவிடும்.

டொக். கொஞ்சம் விட்டு, மந்தமாக இன்னொரு டொக்.

"ஹீட்டர் குழாயா இருக்கும்."

"ஜூன் மாசத்துல ஹீட்டரா?"

இருவரும் கூடத்துச் சுவரை ஒட்டி நின்ற கடல்நீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். உள்ளே ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டும் தமக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல நீந்திக்கொண்டிருந்தன.

"சரி, சொல்லிடறேன்," என்றான் யோஹென். "போன மாசம் வாங்கிட்டு வந்த பாறைக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கு. துப்பாக்கி இறால். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். ஆனா ஒரு கொடுக்கு மட்டும் பெருசு. அதைச் சொடுக்கினா இப்படித்தான் சத்தம் வரும்."

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்."

"ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"பேரு, ஊரு, கொடுக்கோட அளவு எல்லாம் தெரியுது. இதுக்குப் பேரு சந்தேகமா?" ஹைக்கே எழுந்து தட்டுகளை அடுக்கினாள். "ஞாயித்துக்கிழமை காபிக்கு நான் உக்காரும்போது இந்த வீட்டுல டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கக் கூடாது. கேட்டா தொட்டிய வித்துடு. மீனோட."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் முதுகே சொன்னது. பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் மற்றவர்களின் மூக்கில் ஃபிரேம் மாட்டிப் பார்க்கும் யோஹெனுக்கு, மாலையில் அரை மணி நேரம் அந்தத் தொட்டி முன்னால் உட்காருவதுதான் ஒரே சுகம்.

ஹைக்கே முன்பு இப்படிச் சிடுசிடுப்பவள் அல்ல. எல்லாம் ஒரு பலகையால் வந்தது. மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் இவர்கள், ஒட்டியிருந்த பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஹைக்கேயின் அப்பா கோட்ஹில்ஃப். இந்த வீடு காலியானபோது வீட்டுக்காரரிடம் பேசி மகளுக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ஊர் வழக்கப்படி எந்த வாரம் யார் படிக்கட்டைக் கூட்ட வேண்டுமோ, அவர்கள் கதவில் 'கூட்டும் வாரம்' என்று எழுதிய பலகை தொங்கும். போன வருஷம் ஹைக்கே காய்ச்சலில் படுத்திருந்த வாரம், முறை தவறக் கூடாது என்று அப்பா அதைக் கொண்டுவந்து அவள் கதவில் மாட்டினார். அவள் எழுந்து வந்து அதைப் படிக்கட்டில் வீசினாள். அது ஒவ்வொரு படியாக உருண்டு கீழ்வீட்டுக்காரர்களின் குழந்தை வண்டிக்குள் போய் விழுந்தது. நல்லவேளை, குழந்தை இல்லை.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. வாரா வாரம் பலகை மட்டும் கதவு மாறும்.

செவ்வாயன்று யோஹென் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டி, கவிழ்த்துச் செருகி, உள்ளே சிப்பி இறைச்சித் துண்டு போட்டுப் பொறி வைத்தான். காலையில் அதற்குள் கோமாளி மீன் மாட்டிக்கொண்டு அவனையே முறைத்தது.

"குற்றவாளி ஒத்துக்கிச்சா?" என்றாள் ஹைக்கே பல் தேய்த்தபடி.

வியாழன் மாலை பாறையையே வெளியே தூக்கி, அதன் ஓட்டைகளில் சோடாவை ஊற்றினான். சாப்பாட்டோடு குடிக்க மேசையில் வைத்திருந்த சோடா முழுவதும் அதற்கே போனது. கடைசி ஓட்டையிலிருந்து இறால் தடுமாறி வெளியே விழுந்தது. ஒற்றைக் கொடுக்கு பெரிதாக, கோபமாக. அதை ஜாம் புட்டியில் கடல்நீர் ஊற்றி அடைத்து, மூடியில் ஓட்டை போட்டு, சமையலறை ஜன்னலில் வைத்தான்.

ஹைக்கே அவன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். வெங்காயக் கேக்கை மூன்றாக வெட்டினாள். பழக்க தோஷம். மூன்றாவது துண்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். இருவரும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

டொக்.

யோஹென் சமையலறைக்கு ஓடினான். புட்டிக்குள் இறால் அசையாமல் கிடந்தது. கூடத்திலிருந்து ஹைக்கே குரல் கொடுத்தாள்: "இங்கதான். தொட்டிப் பக்கம்தான்."

டொக், டொக், டொக். முன்பெல்லாம் எப்போதாவது கேட்ட சத்தம், இறாலைப் பிடித்த பிறகு விடாமல் கேட்டது. வெள்ளிக்கிழமை அது இன்னும் பலத்தது.

வளர்ப்பு மீன் கடைக்காரி மார்லீஸ் போனில் சிரித்தாள். "ஜோடியா வந்திருக்கும் சார். ஒன்னத் தூக்கிட்டீங்கல்ல, இன்னொன்னு தேடுது."

"தேடினா இவ்வளவு சத்தமா தேடும்?"

"உங்க வீட்டம்மாவக் காணோம்னா நீங்க மெதுவாவா தேடுவீங்க?"

சனிக்கிழமை மதியம் யோஹென் தொட்டியையே காலி செய்யத் துணிந்தான். பாறைகள் குளியல் தொட்டிக்குப் போயின. மீன்கள் சாலட் கிண்ணத்துக்கு வந்தன. தண்ணீர் வாளி வாளியாகக் கூடத்தில் வரிசைகட்டி நின்றது. மணலைக் கரண்டியால் அள்ளி அள்ளிச் சலித்தான். ஒன்றுமில்லை. கண்ணாடியைத் துணியால் துடைத்தும் பார்த்தான். மறுநாள் காபிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

டொக், டொக்.

தொட்டி காலியாக இருந்தது. காலித் தொட்டி தட்டியது.

"ஹைக்கே," என்றான், குரல் இறங்கி. "கொஞ்சம் வா."

அவள் சாலட் கிண்ணத்தோடு வந்து நின்றாள். யோஹென் மரக்கரண்டியால் தொட்டியின் பின் கண்ணாடியில் இரண்டு முறை தட்டினான்.

டொக், டொக் என்று பதில் வந்தது. உடனே.

"இதுல தண்ணி கூட இல்ல," என்றான்.

"தெரியுது."

"நான் பைத்தியமா?"

"அதை அப்புறம் பேசலாம். கரண்டியக் கொடு." அவள் மூன்று முறை தட்டினாள். மூன்று தட்டு திரும்பி வந்தது. கொஞ்சம் பொறுத்து, கேள்வி கேட்பது போல மெதுவாக இன்னும் ஒன்று.

ஹைக்கே திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். குதிகால் முதல் வாளியில் இடித்தது. முதல் வாளி இரண்டாவது மேல் சாய்ந்தது. கூடத்தில் கடல் புகுந்தது. அது வாசல் கதவின் அடியில் நுழைந்து மாடி நடைக்கு ஓடியது.

"நடைக்குப் போகுது," என்றாள் ஹைக்கே, முகம் வெளிறி. "இது யாரு கூட்டற வாரம்?"

யோஹென் சொல்லத் தேவையிருக்கவில்லை. காலையில்தான் அப்பா மணிக்கணக்காக நடையைக் கூட்டித் துடைத்த சத்தம் கேட்டிருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

"நான் திறக்க மாட்டேன்," என்றாள்.

"நான் மட்டும் திறக்கணுமா? என் மேல பலகையவே வீசுவாரு."

மணி மறுபடியும் அடித்தது. யோஹென் ஏதாவது கையில் இருக்கட்டும் என்று ஜாம் புட்டியை எடுத்துக்கொண்டான். இறாலைக் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். கதவைத் திறந்தான்.

கோட்ஹில்ஃப் துடைத்த நடையின் நடுவே, குட்டைத் தண்ணீரில், துணிச் செருப்போடு நின்றார். செருப்பு ஊறி, காலுறை ஊறி, தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. மருமகனையும் பார்க்கவில்லை.

"துடைச்சுக் கொடுத்துடறேன்," என்றாள் ஹைக்கே, தரையைப் பார்த்து. ஒரு வருஷத்துக்குப் பின் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "நானே துடைக்கறேன். நீங்க ஒன்னும் சொல்ல வேண்டாம்."

"தண்ணி கிடக்கட்டும்." கிழவர் தன் வலது கையை இடது கையால் நீவிக்கொண்டார். விரல் முட்டிகள் சிவந்து வீங்கியிருந்தன. "ஒரு மாசமா சாயங்காலம் ஆனா சுவத்தைத் தட்டி என்னைக் கூப்பிட்டியே, சின்னப் பிள்ளையில தூக்கம் வரலேன்னா தட்டுவியே, அதே மாதிரி. நானும் ஒன்னு விடாம பதில் தட்டினேன். வியாழக்கிழமையோட நீ நிறுத்திட்ட, நான் பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கேன். இப்பதான் திரும்பத் தட்டின, உடனே ஓடி வந்தேன். நடுவுல ரெண்டு நாள் என்ன கோபம்மா உனக்கு?"

யோஹென் ஜாம் புட்டியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

ஹைக்கே அந்தப் புட்டியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அப்பாவின் முட்டிகளைப் பார்த்தாள்.

"கோபமெல்லாம் இல்லப்பா," என்றாள். "எனக்கும் கை வலிச்சுது."