பிடியரிசிக் காக்காவின் காது

கடன்பட்டவனை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். காதால் கேட்டே கண்டுபிடித்தவர் இந்தக் கல்முனைக் கடற்கரை முழுவதிலும் ஒருவர்தான். அல்லாஹ்வின் நாட்டம், அவர் கிழமை தவறாமல், வாரத்துக்கு ஒரு தடவை, என் வீட்டு வாசலுக்கே வந்து போனார்.

அவருடைய சொந்தப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிடியரிசிக் காக்கா என்றால் போதும்; காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். எங்கள் பெண்கள் சோறாக்க அரிசி எடுக்கும் ஒவ்வொரு வேளையும் அதில் ஒரு பிடியை அள்ளித் தனி டின்னில் போட்டு வைப்பார்கள். அது மத்ரசாவில் ஓதுகிற பிள்ளைகளுக்கு. வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் காக்கா சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து அதைச் சேர்ப்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். ஏறி மிதித்து யாரும் கண்டதில்லை. "சைக்கிள் சாக்குக்கு. மனிசனுக்கு அல்லாஹ் கால் தந்திரிக்கான்" என்பார்.

பெண்கள் இருக்கிற வாசலில் அவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். தாடி நெஞ்சில் முட்டக் குனிந்து, சாக்கின் வாயை விரித்துக்கொண்டு நிற்பார். கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீளும். டின் கவிழும். கை உள்ளே போகும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் முகமும் அவருக்குத் தெரியாது. ஆனால், கண் விட்டதையெல்லாம் காது வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டது.

"தங்கச்சி, அரிசி உழுற சத்தம் சரியில்ல. குறுணல் கலந்திரிக்கி" என்பார் ஒரு வீட்டில். அடுத்த வீட்டில் டின் மூடி 'டமார்' என்று விழும். "மூடிய அடிக்கிற அடியில தெரியிது, மாப்பிள்ள இண்டைக்கு சந்தைக்குப் போய் மீனில்லாம வந்திரிக்கார்" என்பார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். மாப்பிள்ளை பின்கதவால் நழுவுவான்.

அப்படி நழுவியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். என் முறை வரும்வரைக்கும்.

நான் தையல்காரன். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு சீலைக் கடை விறாந்தையில் ஒரு மெஷின் போட்டிருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மற்றவன் இடுப்பை அரை அங்குலம் பிசகாமல் அளப்பேன்; என் நிலைமையை அளக்கத் தெரியாது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். கூரை என் மனைவி ஹலீமாவுடையது, கிணறு அவளுடையது, கைக் காப்பு இரண்டும் அவளுடைய உம்மா போட்டது. என்னுடையதாக இருந்தவை ஒரு கத்தரிக்கோல், ஓர் அளவு நாடா, அளவில்லாத ஆசை.

சூறாவளி வந்து கூரைகளைக் கொண்டுபோன அடுத்த வருஷம் அது. கடைகளில் வெளிநாட்டுச் சாமான்கள் வந்து குவிந்திருந்தன. எனக்கு எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் ரேடியோவும் கேசட்டும் ஒன்றாய்ச் சேர்ந்த, இரண்டு ஸ்பீக்கர் வைத்த ஒரு மெஷின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைப் பார்த்தேன். இரண்டு கால்சட்டை கோணலாகப் போயின.

"புள்ள, விடிய சுபஹு தொழுதிட்டு கிறாஅத் கேக்கலாம். பயான் கேக்கலாம். ஊட்டுக்கு பறக்கத்து வரும்" என்றேன் ஹலீமாவிடம். குர்ஆன் ஓதலும் மார்க்கப் பேச்சும் வீட்டுக்குள் ஒலித்தால் இறையருள் கூடும் என்பது என் வாதம்.

"பறக்கத்து வாறத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் என்னத்துக்கு?"

"ஒண்டு உனக்கு, ஒண்டு எனக்கு."

ஒரு மாதம் நச்சரித்தேன். கடைசியில் அவள் காப்புகளைக் கழற்றி என் கையில் வைத்தாள். "தங்கச்சிட கலியாணத்துக்கு நாலு மாசம் இரிக்கி. அதுக்கு முதல் என்ட கைல வந்திரணும். மூத்தவள் வெறுங்கையோட நிண்டா சனம் என்ன சொல்லும்? உம்மாக்குத் தெரிஞ்சா நீங்க உங்கட கத்தரிக்கோலத் தூக்கிட்டு உங்கட உம்மாட ஊட்டுக்குத்தான் போகணும்."

காப்பைக் கொண்டுபோய் அடகு வைத்தேன். வட்டிக்குத்தான். வட்டி ஹறாம் என்று சொல்லும் பயானைக் கேட்பதற்காக வட்டிக்கு அடகு வைத்த மனிதன் இந்த முஸ்லிம் உம்மத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். அந்த மெஷினில் பயான் கேட்டதோ ஒருநாள், பத்து நிமிஷம். மிச்சமெல்லாம் சினிமாப் பாட்டு.

வெறுங்கையை மாமி கண்டுவிடக்கூடாதே என்று ஹலீமாவுக்கு மணிக்கட்டுவரை முழுக்கைச் சட்டை மூன்று தைத்துக் கொடுத்தேன். "மாஷா அல்லாஹ், என்ட மகளுக்கு நல்ல பேணுதல் வந்திட்டு" என்று, மார்க்க ஒழுக்கம் கூடிவிட்டதாக மாமி பூரித்துப்போனார். அதைப் பார்த்துத் தெருவில் நாலு பெண்கள் முழுக்கைச் சட்டைக்கு ஓடர் தந்தார்கள். என் பாவத்துக்கு அப்படியொரு கிராக்கி.

அடகு வைத்த கிழமையே வெள்ளிக்கிழமை காக்கா வந்தார். சாக்கை விரித்தார். ஹலீமாவின் கை நீண்டது, டின் கவிழ்ந்தது, அரிசி விழுந்தது. காக்கா சாக்கை மடக்கவில்லை. அப்படியே நின்றார்.

"தங்கச்சி, காப்புச் சத்தம் எங்க?"

டின்னைக் கவிழ்க்கும்போது காப்பு விளிம்பில் 'கிளிங்' என்று தட்டும் என்பது அத்தனை வருஷம் கூட இருந்த எனக்கே தெரியாது.

"கழட்டி வெச்சிரிக்கா, காக்கா" என்றேன்.

"எங்க?"

"பெட்டிக்குள்ள."

"யார்ட பெட்டிக்குள்ள?"

அந்த நேரம் பார்த்து உள்ளே ரேடியோவில் ஒரு பெண் காதலனைக் கூப்பிட்டுப் பாடத் தொடங்கினாள். இரண்டு ஸ்பீக்கரிலும். காக்கா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு வாசல் மணலில் குந்திவிட்டார்.

"இவளுக்காகவா தம்பி அவட காப்பை வெச்சாய்?"

எல்லாவற்றையும் சொன்னேன். வட்டி என்ற சொல் வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து, சாக்குக்குள் கையை விட்டு, எங்கள் அரிசியைத் திரும்ப அள்ளி டின்னில் போட்டார்.

"கடன் அடைக்கிற கடமை. புடியரிசி விருப்பம். கடமைய உட்டுட்டு விருப்பத்தத் தந்தா நான் எடுக்க மாட்டன். ஆனா தங்கச்சி, புடிய நிப்பாட்டிராதீங்க. கை பழக்கம் மறந்திரும். அந்த அரிசியில வெள்ளிக்கிழம சோறாக்குங்க. அண்டைக்கு அரிசி வாங்கிற காச வேற டின்னுல போடுங்க. தேயிலையில ஒரு புடி, சீனியில ஒரு புடி, எல்லாத்திலயும் ஒரு புடி. தம்பி, உன்ட சட்டப் பொக்கட்டுலயும் ஒவ்வொரு நாளும் ஒரு புடி. பாக்காம அள்ளணும்."

சத்தியமாகப் பார்க்காமல்தான் அள்ளினேன். ஒரு கிழமை முடிவில் டின்னைக் குலுக்கிய காக்கா, "என்ட பேரன்ட கிலுகிலுப்பையும் இப்புடித்தான் கேக்கும்" என்றார். என் கையை விரித்துப் பார்த்தார். "ஊசி புடிச்சுப் பழகின கை. ரெண்டு விரலுக்கு மேல வேல செய்யாது. இனித் தங்கச்சி புடிக்கட்டும்."

அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் கால் வைத்து ஸலாம் சொன்னால், பதில் வருமுன்னே ஹலீமாவின் கை என் பொக்கட்டுக்குள் வந்துவிடும். மாவு பிசைந்த கை, உலக்கை பிடித்த கை. அவள் ஒரு பிடி அள்ளினால் காசோடு பொத்தான், சோக்குக் கட்டி, நூற்கண்டு எல்லாம் போகும். மறுநாள் வாடிக்கையாளரின் பொத்தானைக் காசு டின்னுக்குள்ளிருந்து ஈர்க்கிலால் நோண்டி எடுப்பேன்.

நானும் தையல்காரன்தானே. எனக்கொரு புதுச் சட்டை தைத்து, பொக்கட்டின் வாயை ஒடுக்கமாக வைத்தேன். வெறுங்கை போகும், பிடித்த கை வராது. அன்று மாலை அவள் கையை விட்டாள். பிடித்தாள். இழுத்தாள். நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"புது மோஸ்தர்."

'சர்ர்' என்று பொக்கட்டே கழன்று அவள் கையோடு போனது. என் தையல் பிரிந்து நான் கண்ட ஒரே நாள் அதுதான்.

இதற்கிடையில் எனக்கு மானப் பிரச்சினையும் வந்தது. காக்கா எங்கள் வாசலில் நின்றுவிட்டுச் சாக்கில் ஒன்றும் விழாமல் போவதைத் தெருவே பார்க்கிறது. "காக்கா, என்ட வெட்டுத் துண்டுகள் ஒரு பை நிறையத் தாறன். கொண்டுபோற மாதிரிப் போங்க" என்று கெஞ்சினேன்.

"பொய் சொல்ல மாட்டன்."

"சொல்ல வேணாம். தூக்கினாப் போதும்."

அவர் தாடியைத் தடவினார். "கேட்டா, தையல்காரர் ஊட்டுப் பை எண்டு மட்டும் சொல்லுவன். அது உண்மதானே" என்றார்.

இரண்டு கிழமைதான். தையல்காரர் வீட்டிலிருந்து மட்டும் ஒரு பை நிறையப் பிடியரிசி போகிறது என்று கதை பரவிவிட்டது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ரோசம் வந்து பிடியைப் பெரிதாக்கினாள். அவளுக்கு அடுத்தவள் இரண்டு கையாலும் அள்ளினாள். மத்ரசாவில் அரிசி வைக்க இடமில்லை. நான் தெருவில் நடந்தால் ஆட்கள் எழுந்து ஸலாம் சொன்னார்கள். வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது என்பதை இத்தனை காலம் கழித்து ஒத்துக்கொள்கிறேன்.

கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, பள்ளிவாசலைப் பொறுப்பாக நடத்துகிற மரைக்கார் என் வீட்டுக்கு வந்தார். காக்காவும் சைக்கிளோடு வாசலில் நின்றார். அந்தக் கிழமைப் பை அப்போதுதான் ஏறியிருந்தது.

"தம்பி, உங்கட ஊட்டு ஸதகாவப் பாத்துத்தான் ஊரே குடுக்கிது" என்று மரைக்கார் தொடங்கினார். "மத்ரசாக் கூர இன்னும் ஓலைதான். பத்துத் தகரம் உங்கட பேரில போடுவம் எண்டு இரிக்கம். உங்களுக்கு அது பெரிய காரியமா?"

பெரிய காரியம்தான். டின்னுக்குள் இருந்த காசு பத்துத் தகரத்துக்குச் சரியாக வரும். ஆனால் காப்பு அடகுக்கடையிலேயே கிடக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், "அதுக்கென்ன மரைக்கார், பத்..." என்று என் வாய் தானாகத் திறந்துவிட்டது. மரியாதை அப்படியொரு சாமான். அதற்குத் தவணை முறை கிடையாது.

கதவுச் சீலைக்குப் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஹலீமா டின்னை வெறுங்கையால் தட்டினாள். ஒரே ஒரு தட்டு. காப்பில்லாத கை தட்டினால் எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது.

சைக்கிளில் இருந்த பையை எடுத்து மரைக்காருடைய காலடியில் கவிழ்த்தேன். பச்சை, மஞ்சள், கோடு போட்டது, பூப் போட்டது என்று துண்டுகள் கொட்டின.

"இதுதான் மரைக்கார் என்ட ஸதகா. நாலு மாசத்துக்குக் கிட்ட ஒரு அரிசியும் தரல்ல. கடன்காரன் நான். அவட காப்பு வட்டியில கிடக்கு."

மரைக்கார் துண்டுகளைப் பார்த்தார். காக்காவைப் பார்த்தார். காக்கா தலை நிமிரவில்லை.

"நான் பை எண்டுதான் சொன்னன். அரிசி எண்டு சொல்லல்ல" என்றார்.

மரைக்காருடைய வயிறு முதலில் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது. காக்கா குனிந்தபடியே ஒரு துண்டை எடுத்து முழங்காலில் விரித்துத் தடவினார். "மரைக்கார், மத்ரசாவில இருவத்திரெண்டு புள்ளையள். பாதிப் பேருக்கு நல்ல தொப்பியில்ல. துணி இஞ்ச கிடக்கு. தைக்கிற கை அந்தா சும்மா நிக்கிது."

"அப்ப தகரம்?"

"தகரத்த கடனில்லாதவங்கள்ட கேளுங்க."

அப்போதுதான் சீலைக்குப் பின்னாலிருந்து ஹலீமா முதல் தடவையாகப் பேசினாள். "மரைக்கார், ஊட்ட ஒரு ரேடியோ கிடக்கு. ரெண்டு ஸ்பீக்கர். ஆராவது வாங்கினா, குறைக்கு அதையும் போட்டு நாளைக்கே காப்பை மீட்டிரலாம்."

நான் வாயைத் திறந்தேன். காக்கா, "ம்ம்" என்றார். மூடிவிட்டேன்.

ரேடியோவை மரைக்காரே வாங்கினார். அவர் வீடு எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி. மறுநாள் சுபஹுக்குப் பிறகு அங்கிருந்து கிறாஅத் ஓதும் சத்தம் தெளிவாக வந்தது, பின்னால் பயானும். எந்த நோக்கத்துக்காக வாங்கினேன் என்று சொன்னேனோ, அது விற்ற பிறகுதான் நிறைவேறியது. பட்டரிச் செலவும் அவருடையது.

இருபத்திரண்டு தொப்பி தைத்தேன். ஒவ்வொன்றும் ஏழெட்டு நிறம். பிள்ளைகள் வரிசையில் நின்று தொழுதால் பெருநாளுக்கு முந்தின நாள் சீலைக் கடை மாதிரி இருக்கும். அல்லாஹ் ஏற்றுக்கொண்டிருப்பான் என்று நம்புகிறேன்.

கலியாணத்தில் ஹலீமா அரைக்கைச் சட்டையோடு நின்றாள். "பேணுதல் போயிட்டா?" என்று மாமி கேட்டார். அவள் கையை மட்டும் ஆட்டிக் காட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காக்கா வந்தார். குனிந்தார். சாக்கை விரித்தார். டின் கவிழ்ந்தது. 'கிளிங்.' காக்கா அசையவில்லை. இரண்டாவது காப்பும் 'கிளிங்' என்றது. "அல்ஹம்துலில்லாஹ், ரெண்டும் வந்திட்டு" என்று சொல்லிச் சாக்கை மடக்கிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி போனார்.

காக்கா வபாத்தாகி, மண்ணுக்குள் போய்ப் பல வருஷமாகிவிட்டது. இப்போது வருகிறவர் நல்ல மனிதர். கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவசரமாகப் போய்விடுவார். ஆனாலும் ஹலீமா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டின்னைக் கவிழ்க்குமுன் காப்பை அதன் விளிம்பில் ஒரு தடவை தட்டுகிறாள். யாருக்காக என்று நான் கேட்பதில்லை. இப்போது வீட்டில் வைத்துத் தைக்கிற நானும் அந்த நேரத்துக்குத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் இருப்பேன்.