சம்பந்திக்கு வைத்த கறிக்குழம்பு

என் மனைவி அஞ்சலை ஒரு ஏமாற்றுக்காரி. வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தோறும் எனக்குப் பலாக்காயை வேகவைத்துப் போட்டு, ஆட்டுக்கறி என்று நம்ப வைத்தவள். இதைப் படித்துவிட்டு அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வரட்டும். எழுதியதை அடிக்கமாட்டேன்.

ஏமாந்தவன் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைனார்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிற வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மழை பெய்தால் ஊரே சந்தோஷப்படும், எனக்கு மட்டும் வயிறு எரியும். மழையில் எவன் மோட்டார் போடுவான்? மோட்டார் ஓடாவிட்டால் காயில் எப்படிக் கருகும்? காயில் கருகாவிட்டால் என் வீட்டு அடுப்பில் என்ன வேகும்? இதுதான் வருமானம். வந்தால் வரும். வராவிட்டால் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது.

நாக்கு மட்டும் ஜமீன்தார் நாக்கு. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கக் கடை திறந்திருக்கும் (கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வர விவசாயிக்கு அன்றைக்குத்தான் ஆள் கிடைக்கும்). சாயந்திரம் வீட்டுக்குள் நுழையும்போது கறிக்குழம்பு வாசனை வர வேண்டும். வராவிட்டால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கத்துவேன். நான் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதை வைத்து ஆட்டின் வாலைக்கூட வாங்க முடியாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கொடுத்தாகிவிட்டது, கறி வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அஞ்சலை சாயந்திரச் சாப்பாட்டை நடத்திய விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. இத்தனை மூளையை வைத்துக்கொண்டு என் வீட்டு அடுப்படியில் ஏன் நின்றாள்? ரேஷன் அரிசியை வடித்தால் நான் முகத்தைச் சுளிப்பேன் என்று தெரியும். அதனால் அதை இட்லிக்கு ஊறப்போடுவாள். முதல்நாள் இட்லி, மறுநாள் தோசை. மாவு புளித்துப்போனால் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்துபோட்டுக் குழிப்பணியாரம். பணியாரத்தைப் பார்த்ததும் எனக்குக் குஷி வந்துவிடும். 'இன்னா இன்னிக்கு விசேஷம்?' என்று கேட்பேன். (விசேஷம் என்னவென்றால் மாவு புளித்துவிட்டது.)

சந்தைக்குக் காலையில் போகமாட்டாள். கடைக்காரர்கள் தார்ப்பாயை மடிக்கிற நேரத்தில்தான் போவாள். கத்திரிக்காயைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள். பாதி சொத்தை. சொத்தையை அரிந்து எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சுட்டுப் புளி விட்டுக் கடைந்தால் எனக்கும் பெண்கள் இரண்டு பேருக்கும் அடிதடி நடக்கும். மத்தியானம் வெந்த பருப்பில் முருங்கைக்கீரை விழுந்தால் அது சாயந்திரம் வேறொரு குழம்பு. இரண்டும் ஒரே பருப்பு என்று எவனாலும் சொல்ல முடியாது. அந்த அடுப்படியிலிருந்து எதுவும் குப்பைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் பெரிய மோசடி. கறிக்கடையில் எலும்பும் கொழுப்பும் வாங்குவாள். கறி ஒரு கைப்பிடி. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் பலாப்பிஞ்சு மூட்டை மூட்டையாக வரும். பழத்துக்குத்தான் கிராக்கி, பிஞ்சை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதை வாங்கிவந்து, கத்தியில் எண்ணெய் தடவிக் கறித்துண்டு அளவுக்கு அரிந்து, சிவக்க வதக்கி, எலும்பு வெந்த தண்ணீரில் போட்டு, மிளகும் சோம்பும் தேங்காயும் அரைத்து ஊற்றுவாள். நார் நாராக, கறி மாதிரியே வரும். பலா இல்லாத மாதங்களில் சேனைக்கிழங்கு.

கைப்பிடிக் கறி பிள்ளைகள் தட்டுக்குப் போகும். எலும்பு என் தட்டுக்கு வரும். நான் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே பலாக்காயைத் தின்பேன். தட்டில் எலும்பு கிடக்கும்போது கறியைச் சந்தேகப்படுகிறவன் எவன்? வாராவாரம் நல்லி எனக்கே விழுவதைப் புருஷன்மேல் இருக்கிற மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்போதாவது ஈரல் வறுவலும் உண்டு. பச்சைப்பயறை ஊறவைத்து அரைத்து, இட்லிப் பானையில் அவித்து, துண்டுபோட்டு மிளகில் பிரட்டியது. அதைத் தின்றுவிட்டு டீக்கடையில், "ஈரல் துன்னா ரத்தம் ஊறும்யா, பாரு" என்று கண் இமையை இழுத்துக் காட்டியவன் நான்.

இந்த லட்சணத்தில் கறி விஷயத்தில் நான்தான் நீதிபதி. யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இது கெழட்டு ஆடு" என்று தீர்ப்புச் சொல்வேன். எவனாவது எதிர்த்தால், "எங்க வூட்ல வந்து துன்னு பாரு, அதான் கறி" என்பேன்.

பெரியவள் கீர்த்தனாவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. கச்சிராயபாளையம் ஏழுமலையின் மகன். ஏழுமலை ஆட்டு வியாபாரி. மலையடிவாரத்துச் சந்தைகளில் அவர் கை வைக்காமல் ஆடு கைமாறாது என்பார்கள். ஜாதகம் சேர்ந்தது. பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப்போய், போனை வைத்துக்கொண்டு கீர்த்தனா தனியாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். பாக்கி இருந்தது கை நனைப்பதுதான். பையன் வீட்டார் நம் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவினால் சம்பந்தம் உறுதி. பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தால் அதோடு சரி.

ஏழுமலை போனில் சொன்னார். "சாம்பார் சோறெல்லாம் வாணாம் வைண்டிங்காரரே. உங்க வூட்டு கறிக்கொழம்புதான் பேர்போனதாமே, ஊரே பேசுது. அத்த துன்னுட்டே கை நனைச்சிக்கிறோம்."

ஊர் எங்கே பேசியது? பேசியது முழுக்க நான்தான்.

கையில் இருந்ததை வைத்து வாசல் சுவருக்கு நீல பெயிண்ட் அடித்தேன். மிச்சத்தை அஞ்சலையிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள்.

"எத்தினி பேரு வர்றாங்க?"

"நாலு பேரு."

"கை நனைக்க நாலு பேரு எந்த ஊர்லங்க வந்தாங்க?"

"சொன்னா சொன்னதுதான். நாலு பேருக்கு வை. கறி மட்டும் ஜாஸ்தியா இருக்கணும்."

"செவுத்துல பூசுனத எங்கிட்ட குடுத்திருந்தா ஒரு ஆட்டையே உரிச்சிருப்பேன். வர்றவங்க இன்னா செவுத்தையா நக்கப் போறாங்க?"

வாயை மூடு என்றேன். அதிகம் படிக்காத என் வாய்க்கு நன்றாகத் தெரிந்த ஒரே பதில் அது.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். வேன் ஒன்று வந்து நின்றது. கதவைத் திறந்தார்கள். ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. அஞ்சலை மட்டும் சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் தண்ணீர்ச் செம்பு நீட்டினாள். நான் நாலு பேர் என்று சொன்ன அன்றே அவள் ஒரு வேனுக்குச் சமைக்க முடிவு செய்துவிட்டாள்.

அடுப்படியில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. எவர்சில்வர் குண்டானில் முழுக்க ஆட்டுக்கறி. அது ஏழுமலைக்கும் பெரியவர்களுக்கும். பெரிய டேக்சாவில் எலும்பும் பலாக்காயும். அது இளவட்டங்களுக்கும் நம் பக்கத்து ஆட்களுக்கும் வேன் டிரைவருக்கும். அற்புதமான திட்டம். அதில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது.

"நீங்க அவரு பக்கத்துல ஒக்காந்து பேசிக்கினு இருங்க. நானும் சின்னவளும் போட்டுக்கிறோம்" என்றாள்.

உட்கார்வதுதான் வேலை. அதைக்கூட நான் செய்யவில்லை.

பந்தி உட்கார்ந்தது. சம்பந்திக்கு என் கையால் பரிமாறாமல் நான் என்ன ஆம்பளை? அடுப்படிக்குள் போனேன். குண்டான் சின்னதாக இருந்தது. டேக்சாவில் எண்ணெய் மிதந்தது, எலும்பு எட்டிப் பார்த்தது. டேக்சாவைத் தூக்கினேன். அஞ்சலை கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள், உருட்டினாள். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அது வாணாங்க, இத்த எடுங்க."

"சும்மா இரு. எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?"

பந்தியில் எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னேன். நேராக ஏழுமலையிடம் போய், தேடித் தேடிப் பெரிய துண்டுகளாக அவர் இலையில் வைத்தேன். எலும்பு இல்லாத துண்டுகளாகப் பார்த்து வைத்தேன். (அந்தக் கொடுமையையும் சொல்லிவிட வேண்டும்.)

அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். இன்னொரு துண்டை எடுத்து விரலால் பிய்த்துப் பார்த்தார். கை இலைமேல் அப்படியே நின்றது.

"வைண்டிங்காரரே, இது இன்னா ஆடு?"

இந்தக் கேள்விக்காகத்தானே பிறந்தேன்? "மலை ஆடுண்ணே! வெள்ளிமலை பக்கம் மேஞ்சது. மூலிகையாத் துன்னு வளர்ந்தது. அதான் கறி நாரு நாரா வருது பாருங்க."

"எலும்பையே காணோமே."

"மலை ஆட்டுக்கு எலும்பு கம்மிண்ணே."

பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் புரை ஏறியது. ஏழுமலை சிரிக்கவில்லை.

"நீங்களே பாத்தா வாங்குனீங்க?"

"பின்ன? நானே மலைக்குப் போயி புடிச்சிப் பாத்தேன். கெடா. கொம்பு மட்டும் இம்மாம் நீளம்" என்று முழங்கையைத் தொட்டுக் காட்டினேன்.

"கொம்பு வேற பாத்தீங்களா?"

"தடவியே பாத்தேன்."

ஏழுமலை என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். "நல்லா வெந்திருக்கு. இன்னும் ரெண்டு துண்டு போடுங்க."

கேட்டதைப் போட்டுவிட்டு, அஞ்சலையிடம் பெருமையடிக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டேக்சாவோடு உள்ளே போனேன். சின்னவள் துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து குலுங்கினாள். கீர்த்தனா அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு அழுவுற?"

அஞ்சலை மெதுவாகச் சொன்னாள். "நீங்க அவருக்கு வச்சது பலாக்கா."

"எது?"

"கொம்பு வச்சீங்களே, அது."

டேக்சாவைக் கீழே வைத்தேன். "அப்ப ஞாயித்துக்கெழம நாம துன்றது?"

"அதுவும்தான்."

"எத்தினி நாளா?"

"சின்னவ ஸ்கூலு சேந்ததுலேர்ந்து."

"ஈரலு?"

"பச்சப்பயறு."

"இதுங்களுக்குத் தெரியுமா?"

சின்னவள் துப்பட்டாவை எடுத்தாள். "எதிர்வூட்டுப் பூனைக்குக்கூட தெரியும்ப்பா. அது ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்கு வராது."

கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் வெளியே கேட்கும். அதற்குள் "வைண்டிங்காரரே!" என்று ஏழுமலையின் குரல். குண்டானைத் தூக்கினேன். அஞ்சலை என் கையைப் பிடித்தாள்.

"அத்த வைங்க. இப்ப நெசக் கறியப் போட்டா ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாப்பாரு. இன்னும் நாலு பலாத்துண்டு வைங்க. சிரிச்சிக்கினே போங்க. கொம்பப் பத்தி மட்டும் இனிமே பேசாதீங்க."

அந்த நேரத்தில் அப்படி யோசிக்க எவனால் முடியும்? மகளின் கல்யாணம் இலைமேல் ஊசலாடுகிறது, புருஷன் ஒரு முட்டாள், அடுப்படியில் ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி சிரிக்கிறாள். இவள் குரல்கூட உயரவில்லை. நான் போனேன். சிரித்தேன். கரண்டி தவறி அவர் வேட்டியில் குழம்பு தெளித்தது. அவர் எல்லாத் துண்டையும் தின்றார். ரசம் வாங்கினார். மோர் வாங்கினார். ஒவ்வொரு முறை அவர் அசையும்போதும் எழுந்துவிடப் போகிறார் என்று எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடித்துப் போட்டுவிட்டுப் போய்க் கை கழுவினார்.

"கை நனைச்சாச்சு. தேதி பாருங்க. கல்யாணத்துக்கு ஆடு என் பட்டியிலேர்ந்து ஓட்டியாறேன். உங்க மலை ஆடு வாணாம், அது உங்க வூட்டோடவே இருக்கட்டும்."

முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

(குண்டான் கறி முழுக்கக் கடைசிப் பந்தியில் வேன் டிரைவருக்குப் போய்ச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் அவர் இன்றைக்கும் கும்பிடுகிறார்.)

கல்யாணம் நடந்து பேரனும் பிறந்துவிட்டான். மலை பஸ்ஸில் பலாப்பிஞ்சு வருகிற காலம் வந்தால் போதும், என் வீட்டில் யாராவது முழங்கையைத் தொட்டு, "கொம்பு இம்மாம் நீளமாப்பா?" என்று கேட்பார்கள். மாப்பிள்ளையும் கேட்கிறார். நான் விருந்துகளில் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டேன். கடையில் வருவதை எண்ணாமல் அப்படியே அஞ்சலை கையில் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தட்டில் விழுவது எதுவென்று கேட்பதில்லை. கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள்.

என்னைத் தூங்கவிடாதது ஒன்றுதான். ஆட்டை மோந்து பார்த்தே வயதைச் சொல்கிற மனுஷன் ஏழுமலை. அவருக்கா தெரிந்திருக்காது? எத்தனையோ தடவை தனியாகக் கேட்டுவிட்டேன். "மோர் நல்லா இருந்திச்சி சம்பந்தி" என்று பேச்சை மாற்றுகிறார்.

பேரனுக்குக் காது குத்துகிறோம். இரண்டு ஊரும் வரும். மைக் செட் கட்டுகிறேன், அந்தச் செலவு என்னுடையது. ஏழுமலை சம்பந்தி, அந்த மைக்கைக் கையில் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டும். என்ன தின்கிறோம் என்று தெரிந்தேதான் மறுபடி கேட்டு வாங்கினீர்களா? தெரியாது என்றால் நாளைக்கே ஆட்டு வியாபாரத்தை விட்டுவிடுங்கள். தெரியும் என்றால், ஏன் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று சொல்லுங்கள். என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். அஞ்சலை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.