சூலம் கிழக்கே, துறை எங்கே?

வாழ்க மந்தைவெளி மாவீரன்! மூன்றாம் மாடியின் முடிசூடா மன்னன், லிஃப்ட் பழுதான நாளெல்லாம் மூச்சிரைக்க மலையேறும் திண்தோள் தீரன், ஐம்பதை எட்டுமுன் ஒருமுறையேனும் கானகத்து ஆற்றில் கேனோ என்னும் ஒல்லிப் படகைத் தன் கையால் துடுப்பிட்டுச் செலுத்துவேன் என்று பத்தாண்டாய்ச் சபதம் காத்த ஸ்ரீநாத்தின் புகழைப் பாடப் புகுந்தேன். கலைமகளே, என் நாவில் வந்து அமர்க. இடம் போதாவிட்டால் கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்க.

வியாழன் காலை, காபி டபராக்கள் இருபுறமும் காவல் நிற்க, சாப்பாட்டு மேசை என்னும் செருக்களத்தில் வரைபடம் விரிந்தது. தென்கோடி மலைக்காட்டில் பிறந்து கிழக்கே பாயும் அந்த ஆற்றில் படகிறங்கத் துறைகள் இரண்டே. மேல்துறையில் இறங்கினால் யானை நீரருந்தும் அடர்கானினூடே பதினொரு கிலோமீட்டர். கீழ்த்துறையில் இறங்கினால் அசையாத நீர், சுத்தமான கழிப்பறை, சூடான போண்டா. "மேல்துறை அன்றி வேறு துறை மிதியேன்!" என்று மேசையதிர முழங்கினான் வீரன். டபரா ஒன்று கவிழ்ந்து ஆற்றில் காபி வெள்ளம் புகுந்தது.

எதிர்நின்றாள் இல்லக்கிழத்தி சாருலதா, கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் கணக்குப் புலி. பத்து மணிக்குள் துறையைச் சொல்லவேண்டும் என்பது படகுக்காரன் இசக்கிமுத்துவின் கெடு. மணி ஒன்பதே முக்கால். வழுக்குப் பாறை, அட்டைப்பூச்சி, டவர் கிடைக்காத செல்போன் என எய்த கணையெல்லாம் அவன் மார்பில் பட்டு முறியவே, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் என்னும் பிரம்மாஸ்திரத்தை உருவினாள் அந்த வீராங்கனை.

"சனிக்கிழமை கிழக்கே சூலம். மேல்துறையிலேர்ந்து கிழக்கேதானே போகணும்? போகப்படாது."

"ஆறே கிழக்கேதானே ஓடறது சாரு! சனிக்கிழமை மட்டும் திரும்பி ஓடறதா?"

"ஆத்துக்கென்ன, அது பொண்டாட்டியை அழைச்சுண்டா போறது?"

விண்ணவர் திகைத்தனர். வீரனோ காலண்டரைப் பறித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எறும்பளவு எழுத்தில் 'பரிகாரம்: தயிர்' எனும் வேதவாக்கைக் கண்டான். கண்டவன் பிரிட்ஜ் எனும் பனிக்குகையின் கதவுடைத்து, டம்ளர் நிறைய வெண்தயிர் வார்த்து, ஆலமுண்ட கண்டன்போல் ஒரே மடக்கில் பருகி, மீசையில் வெற்றிக்கொடி வெள்ளையாய்ப் பறக்க நிமிர்ந்தான். அக்கணமே செல்போன் சங்கு முழங்கிற்று.

"சார், மேல்துறையா, கீழ்த்துறையா? இப்பமே சொன்னியள்னா படகை வண்டில ஏத்திருவேன்."

பத்தாண்டுச் சபதம் நாக்கு நுனியில் நின்றது. அப்போதுதான் சாருலதாவின் முகத்தைப் பார்த்தான். அது வெளிறிக் கிடந்தது.

"எனக்கு நீஞ்சத் தெரியாது," என்றாள் மெல்ல. "ரொம்ப பயமா இருக்கு. சூலமெல்லாம் சும்மா சொன்னேன்."

வீரனுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. வென்ற களத்தில் வாளைத் தாழ்த்தி, எண்டிசையும் செவிமடுக்க, இசக்கிமுத்துவும் செவிமடுக்க, தன் வாழ்நாளின் ஆகப்பெரும் பிரகடனத்தை வெளியிட்டான்:

"எனக்கும் தெரியாது."

சனிக்கிழமை ஏழு மணிக்கு இருவரும் வேளச்சேரியில் ஒரு நீச்சல் குளத்தின் மூன்றடி ஆழத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார்கள்.