எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சாவு

துக்க லீவு எடுப்பதில் புதுச்சேரி அரசாங்க ஊழியர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே பெரியப்பாவை மூன்று தடவை சாகடித்தவர்களோடு நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் பிறக்கவே பிறக்காத ஒருத்திக்காக, நிஜமாகவே அழுது கண் வீங்கி லீவு போட்டவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மதாம் ஆசியா.

புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் எங்கள் ஆபீஸ். அதன் ரெக்கார்டு ரூம் மதாமின் ராஜ்யம். அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிரெஞ்சு முறைப்படி ‘மத்மசேல்’ என்று கூப்பிட வேண்டும். டிரைவருக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டதால் எல்லோருக்கும் மதாம் ஆகிவிட்டார். பின்னால் ‘ஆசியா’ ஒட்டிக்கொண்டது அவர் படிப்பால். சீனம், ஜப்பான், பாரசீகம், பர்மா என்று ஆசியாக்காரர்கள் எழுதிய பழைய காவியங்களையும் கதைகளையும் மட்டுமே படிப்பார். பிரெஞ்சில் கிடைத்தால் பிரெஞ்சில், இங்கிலீஷில் கிடைத்தால் இங்கிலீஷில், தமிழில் கிடைத்துவிட்டால் அன்றைக்கு ஆபீசுக்கே இனிப்பு.

“ஐரோப்பாக்காரன் புக்கெல்லாம் படிக்க மாட்டீங்களா மதாம்?” என்று வேலையில் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“எத்தினி தலைமுறையா நம்ம ஊர்லயே குந்திகினு இருந்தான்! அவனப் பத்தித் தெரிஞ்சது போதும்பா. பக்கத்து வீட்டுக்காரன் என்னா பண்றான்னு இன்னும் எட்டிக்கூடப் பாக்கல. கடலுக்கு அந்தாண்ட போனா பர்மா, சயாமு. பாரிசு எங்க கீது?”

ரெக்கார்டு ரூமில் ஃபைலுக்கு ஒரு பக்கம், புத்தகத்துக்கு மறுபக்கம். வைத்தியர் மருந்து கொடுப்பதுபோல் ஆள் பார்த்துப் புத்தகம் கொடுப்பார். எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் கேஷியருக்கு, ஜப்பான் அரண்மனைப் பெண்ணொருத்தி எழுதிய டைரி. டிரைவருக்குப் பாரசீகக் கவிதை. அதற்குப் பிறகு டிரைவர் சிக்னலில் பச்சை விழுந்தும் நிலாவைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். பட்டப்பகலில்.

எங்கள் சூப்பிரண்டு மட்டும் மசியவில்லை. “மொழிபெயர்ப்புல படிச்சா பாதிதான் மதாம் கிடைக்கும்” என்றார்.

“பாதி கிடைச்சதுக்கே மூணு நாளு சோறு எறங்கல சார். முழுசும் கிடைச்சா மெடிக்கல் லீவுதான் போடணும்” என்றார் மதாம்.

அன்று எல்லோரும் சிரித்தோம். அது தமாஷ் இல்லை என்பது ஒரு புதன்கிழமை காலையில் தெரிந்தது.

சூப்பிரண்டுக்கு மதாமிடமிருந்து போன். “வீட்ல ஒரு துக்கம் சார். சின்ன மருமவ போயிட்டா. மூணு நாளு லீவு வேணும்.” அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டார். சூப்பிரண்டு உடனே ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ‘மதாம் இல்லத்துச் சின்ன மருமகள் அகால மரணம்’ என்று போட, கும்பிட்ட கைகள் வரிசை கட்டின. கல்யாணமே ஆகாதவருக்கு மருமகள் எங்கிருந்து வந்தாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எழவுச் சேதி வந்தால் மாலை வாங்கப் போவோமே தவிர, வம்சாவளி கேட்கும் வழக்கம் நமக்கில்லை.

ஆபீஸ் வேனில் பதினோரு பேர் போனோம். பிள்ளையார் சதுர்த்திக்குக்கூட அறையை விட்டு வெளியே வராத எங்கள் அதிகாரியும் வந்தார். ஆளுயர ரோஜா மாலை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பந்தல் இல்லை, பறை இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகூட இல்லை. கதவைத் திறந்த மதாமுக்கு மூக்கு சிவந்திருந்தது. அதிகாரி மாலையோடு உள்ளே போய் நாலு பக்கமும் பார்த்தார்.

சூப்பிரண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, “பாடி எங்க மதாம்?” என்றார்.

மதாம் மேசையைக் காட்டினார். “எழுநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல.”

மேசைமேல் செங்கல் பருமனில் ஒரு பழைய சீன நாவல், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. பக்கத்திலேயே அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு.

“ரெண்டு எதுக்கு மதாம்?” என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன்.

“பிரெஞ்சுல செத்துட்டா. சரி, இங்கிலீஷ்லயாவது பொழைச்சிருப்பாளான்னு பாத்தேன்பா...” மதாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அதுலயும் உட்டுட்டானுங்க.”

டிரைவர் வெளியே ஓடினார். சிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அழப் போயிருந்தார். அவர் ஏற்கெனவே அந்த நாவலில் பாதி படித்தவர்.

அதிகாரி மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு புத்தகத்தின்மேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் முடிவு செய்துவிட்டார்: பொய்க் காரணம் சொல்லி லீவு எடுத்ததற்காக மதாமை ஏனாமுக்கு மாற்றுவது. ஏனாம் என்றால் எங்களுக்கு நாடு கடத்தல். அதுவும் புதுச்சேரிதான். ஆனால் ஆந்திராவுக்குள் இருக்கிறது. ராத்திரி பகலாக ரயிலில் போக வேண்டும். மதாமுக்கு ஓய்வு பெற நாலு வருஷம்தான் இருந்தது. அலமாரி அலமாரியாகப் புத்தகங்களை எங்கே கொண்டுபோவார்? அவை இல்லாமல் அங்கே யாரோடு இருப்பார்?

மாற்றுவதென்றால் விசாரணை அறிக்கை வேண்டும். மறுப்புச் சொல்லத் தெரியாத புது கிளார்க் நான் ஒருவன்தான். “சாவு உண்மையா, பொய்யான்னு பத்து நாள்ல ரிப்போர்ட் கொடு” என்று வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார் அதிகாரி. அதுவரை நான் கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர எதையும் கடைசிவரை படித்தவனில்லை. குற்றம் சாட்டப்பட்டவரிடமே போய் இங்கிலீஷ் பிரதியை வாங்கிவந்தேன். பிரெஞ்சுப் பிரதியையும் ‘சாட்சிக்கு வச்சுக்கோ’ என்று கையில் திணித்தார்.

முதல் நூறு பக்கம் பெயர்களோடு குஸ்தி. அப்புறம் அந்தக் கதைக் குடும்பத்தின் சின்ன மருமகள் வந்தாள். புருஷன் வெளியூரிலிருந்து எழுதும் கடிதங்களை ஊறுகாய் ஜாடிக்குள் ஒளித்துவைத்து, படிக்கும்போதெல்லாம் தும்முகிறவள். என்ன சொல்ல, நானும் வசமாக மாட்டிக்கொண்டேன். தினமும் காலையில் மதாம் ரெக்கார்டு ரூம் வாசலில் நிற்பார். “எத்தினாவது பக்கம்?” என்பார். சொல்வேன். ஏனாம் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லாஸ்பேட்டையில் என் வாடகை அறை. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கம் வந்தது. படித்து முடித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். மதாம், கையில் டிபன் கேரியர்.

“நேத்து போன்ல அறுநூத்தி எண்பதுன்னு சொன்ன. இன்னிக்கு வந்துருக்கும்னு தெரியும்” என்றபடி உள்ளே வந்தார்.

“மதாம், விசாரணை பண்றவனுக்கு நீங்க சாப்பாடு கொண்டாரக் கூடாது. ரூல் இருக்கு.”

“எழவு விழுந்த வீட்ல அடுப்பு மூட்டக் கூடாதுன்னும் ரூல் இருக்கு. எது பழைய ரூலு? குந்து.”

சுடுசோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். ரசத்தின் காரம் என்று சொல்லி நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவரும் நம்பினார்.

திங்களன்று அறிக்கை கொடுத்தேன். ‘ஆங்கிலப் பிரதியை முழுமையாகப் பரிசீலித்ததில் மேற்படி மரணம் உண்மை எனத் தெரிய வருகிறது. பிரெஞ்சுப் பிரதியில் எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் நனைந்து காய்ந்து உப்பியிருப்பதால், அதிலும் மரணம் நிகழ்ந்துள்ளதாகக் கொள்ளலாம். இறந்தவர் மதாமுக்கு உறவு. தற்போது எனக்கும் உறவு.’ கீழே கையெழுத்து. அதோடு எனக்கு அரை நாள் லீவு கேட்டு ஒரு விண்ணப்பம்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “பொழைக்க வழியே இல்லியா?” என்றார்.

“ரெண்டு பாஷையில பாத்தாச்சு சார்.”

பிறகு ஏனாம் ஃபைலை மூடி, “இனிமே லீவுக்குக் காரணம் ‘சொந்த வேலை’ன்னு எழுதச் சொல்லு. நாம மாலையோட போயி நிக்க வேணாம் பாரு” என்றார். நான் கதவுவரை போனதும் கூப்பிட்டார். “அந்த நாவல்... ஆபீஸ்ல இருக்கா?”

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அதிகாரி வரவில்லை. ‘சொந்த வேலை’ என்று எழுதியிருந்தார். மதாம் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார்.

மதாம் ரிடையர் ஆகி இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே, புத்தகங்கள் வழியாகக் கொரியாவில் இருக்கிறார். நான் இன்னும் லாஸ்பேட்டையில். அவர் கொடுத்த ஜப்பான் நாவல் ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. நேற்று போன்.

“எத்தினாவது பக்கம்?”

“முந்நூறு மதாம்.”

“அய்யய்யோ, கிட்ட வந்துட்டியே! ஞாயித்துக்கெழம வந்துடறேன். அடுப்பு மூட்டாத.”

அந்த நாவலை நான் போன வாரமே படித்து முடித்துவிட்டேன். அதை அவரிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?