இரண்டு கட்டங்கள், மூன்று ஓட்டுநர்கள்

"வில்ஃப், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று எட்வினா ஆரம்பித்தது அன்று காலையில் மூன்றாவது முறை.

"இரு கண்ணு, முதல்ல உக்காரு. உக்காந்து பாத்துட்டுச் சொல்லு" என்றார் வில்ஃப், காரின் முன்கதவைப் பிடித்துக்கொண்டு.

இருக்கையில் புதிதாக ஒரு மெத்தை இருந்தது. கருநீல வெல்வெட், சுற்றிலும் கைத்தையல். தையல் நேராகத் தொடங்கி, பாதி வழியில் மனம் மாறி, ஒரு மூலையைக் கோட்டைவிட்டுத் திரும்பியிருந்தது.

"நீயா தச்ச?"

"பின்னே, டச்சஸா தைக்கும்?" பின்னிருக்கையில் படுத்திருந்த ஒல்லி நாய் தன் பெயரைக் கேட்டு ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. "தாழ்வான சீட்டு உன் இடுப்புக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல? மூணு நாள் வேலை. விரல்ல பதினோரு குத்து."

எட்வினா ஊன்றுகோல்கள் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டு மெத்தைமேல் அமர்ந்தாள். சொல்ல வந்ததை விழுங்கினாள்.

சொல்ல வந்தது இதுதான். ஒன்றரை வருடம் கடிதம் எழுதி, மேல்முறையீடு செய்து, எத்தனை அடி நடப்பீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நடந்து காட்டி, கடைசியில் அவளுக்கு நடமாட்ட உதவித்தொகை கிடைத்துவிட்டது. அதை மாதாமாதம் பணமாகவும் வாங்கலாம். அல்லது அப்படியே அரசுத் திட்டத்திடம் விட்டுவிட்டு, மூன்று வருடக் குத்தகைக்கு ஒரு கார் எடுத்துக்கொள்ளலாம். பணம் என்றால் பனிக்காலத்தில் வீடு சூடாக இருக்கும். கார் என்றால் இரண்டு கம்பளிதான். எட்வினா ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை. முழங்காலில் நிற்க முடியாததால் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜெபம் செய்தாள், கார் என்று முடிவெடுத்தாள்.

காரணம், அந்தப் பட்டியல்.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் கால்கள் பழுதானபோது, வட இங்கிலாந்தின் கீத்லி மலைச்சரிவில் இருக்கும் அவர்களுடைய சிறிய சபையில் மூப்பர் ஹில்டா ஒரு பட்டியல் போட்டாள். திங்கட்கிழமை மருத்துவமனைக்கு வில்ஃப். புதன்கிழமை சந்தைக்குத் தெல்மா. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குக் கிளெமென்ட். அந்த வருடம்தான் வில்ஃபின் மனைவி இறந்திருந்தாள். தெல்மாவின் ஒரே மகன் நியூசிலாந்துக்குப் போயிருந்தான். கிளெமென்ட் நாற்பது வருடம் வேலை பார்த்த இரும்பு ஆலையை மூடியிருந்தார்கள். இத்தனை துயரத்திலும் இவர்கள் தன்னைச் சுமக்கிறார்களே என்று எட்வினா ஒவ்வொரு வாரமும் நன்றியாலும் கூச்சத்தாலும் கூனிப்போனாள். ஆறு வருடம் ஒருவருக்குப் பாரமாக இருந்தால் போதும். பள்ளிக்கூடச் சாப்பாட்டு வண்டியை இருபத்திரண்டு வருடம் இந்த மலைகளில் ஏற்றி இறக்கியவள் அவள். காலுக்குப் பதில் கையால் இயக்கும் நெம்புகோல் பொருத்தினால் தாராளமாக ஓட்டலாம் என்று பரிசோதித்தவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் 'இனிமேல் நீ வரவேண்டாம்' என்று பதினோரு குத்து வாங்கிய விரல்களிடம் எப்படிச் சொல்வது?

"என்னமோ சொல்லணும்னியே?" என்றார் வில்ஃப்.

"அது… எனக்குக் கார் கிடைச்சிருக்கு வில்ஃப். குத்தகைக் கார்."

வண்டி வேகம் குறைந்தது. வில்ஃப் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சாலையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். இப்போதும் எடுக்கவில்லை. ஆனால் அவருடைய காது நுனி சிவந்தது.

"ரொம்ப நல்லது" என்றார், யாரோ இறந்த செய்தி கேட்டதுபோல.

அந்தக் குரலை எட்வினாவால் தாங்க முடியவில்லை. விண்ணப்பத்தில் வேறு யாரெல்லாம் காரை ஓட்டலாம் என்று பெயர் எழுத இரண்டு கட்டங்கள் இருந்தது சட்டென்று நினைவுக்கு வந்தது.

"ஓட்டறதுக்கு உன் பேரத்தான் எழுதப்போறேன்!"

"என் பேரா?"

"முதல் கட்டத்துல."

வில்ஃப் காரை ஓரமாக நிறுத்தி மூக்கைச் சிந்தினார். "பின்னாடி இடம் பெருசா இருக்கட்டும் கண்ணு. டச்சஸ் காலை நீட்டிப் படுக்கணும்."

ஒரு சின்னப் பொய்கூட இல்லை, எழுதத்தானே போகிறோம் என்று எட்வினா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

புதன்கிழமை தெல்மா வந்தாள். வழக்கமாக வாசலிலிருந்தே பேச ஆரம்பிப்பவள், அன்று சந்தை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. முட்டைக்கோஸ் கடை முன்னால் நின்று, முட்டைக்கோஸிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வில்ஃபுக்கு ஒரு கட்டமாம்."

"யாரு சொன்னா?"

"வில்ஃப் சொன்னாரு, கறிக்கடைக்காரர் சொன்னாரு, தபால்காரர் சொன்னாரு. ஏண்டி எட்வினா, நான் என்ன, வண்டிய செவுத்துலயா மோதினேன்?"

"நீ ரெண்டு தடவ மோதியிருக்க தெல்மா."

"ஒண்ணு செவுரு. இன்னொண்ணு வேலி."

தெல்மாவின் கீழுதடு நடுங்கியது. எட்வினா தன் நாக்கைக் கடித்துப் பார்த்தாள். அது கடிபடவில்லை. "அடி அசடு, ரெண்டாவது கட்டம் யாருக்காம்? உனக்குத்தான்!"

தெல்மா அந்த இடத்திலேயே அவளைக் கட்டிக்கொண்டதில் ஒரு ஊன்றுகோல் உருளைக்கிழங்குக் குவியலில் போய்ச் செருகிக்கொண்டது. "சீட்டு உசரமா இருக்கட்டும்டி. எனக்கு எட்டிப் பாத்தாதான் ரோடு தெரியும்."

ஆக, கட்டம் இரண்டும் நிரம்பிவிட்டது. கிளெமென்ட் பெருந்தன்மையானவர், புரிந்துகொள்வார் என்று நம்பினாள்.

கிளெமென்ட் வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். பார்படோஸில் பிறந்து, பத்தொன்பது வயதில் இந்தக் குளிருக்கு வந்தவர். ஆறடி இரண்டங்குலம். எவ்வளவு அவசரமானாலும் மணிக்கு இருபது மைல் வேகத்தைத் தாண்டாதவர். கையில் தேங்காய் ரொட்டி.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சிஸ்டர் எட்வினா. கார் வருதாமே. எனக்கு ரொம்ப சந்தோஷம்."

"நிஜமாவா பிரதர்?"

"நிஜமாத்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் வேற ஏதாவது பண்ணிக்கறேன்." சன்னல் பக்கம் திரும்பி ஒரு பாட்டை முனக ஆரம்பித்தார். "சாவு ஊர்வலத்துல பாடற பாட்டக்கூட" என்று எட்வினா பிறகு சொன்னாள், "அவ்வளவு மெதுவா யாரும் முனகி நான் கேட்டதில்ல."

இரண்டாம் சரணத்தில் அவள் உடைந்தாள். "உங்க பேரும் இருக்கு பிரதர்!"

பாட்டு நின்றது. "எந்தக் கட்டத்துல?"

"அது… கட்டத்துல" என்றாள் எட்வினா.

அவர் போனதும் கார் விற்பனைக்கூடத்துக்குப் போன் போட்டாள். அங்கே இந்தத் திட்டத்துக் கார்களைப் பார்த்துக்கொள்வது ஷபானா. பொறுமைசாலி. அந்த வாரத்தில் மட்டும் எட்வினாவுக்காக இரண்டு முறை கார் மாடலை மாற்றிக் கொடுத்திருந்தாள். முதலில் நாய்க்காக, பிறகு உயரத்துக்காக.

"ஷபானா, மூணாவது கட்டம் ஒண்ணு வரைஞ்சுக்கலாமா?"

"கம்ப்யூட்டர்ல எங்க ஆன்ட்டி வரையறது?"

"ஓரமா, சின்னதா?"

"ரெண்டு பேருதான் ஆன்ட்டி. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள முடிவு பண்ணிடுங்க. இல்லேன்னா இந்த வண்டி வேற ஆளுக்குப் போயிடும். அடுத்தது வர ஏழு மாசம்."

ஒருவரை விலகச் சொல்வதைத் தவிர வழியில்லை. மனசு கெட்டியானவர் வில்ஃப்தான் என்று முடிவு செய்து அவருக்குப் போன் செய்தாள்.

"வில்ஃப், நீ உன் காரையே ஓட்டலாமேன்னு யோசிச்சேன்…"

"அத இன்னிக்குக் காலையில வித்துட்டேன் கண்ணு! நமக்குத்தான் ஒண்ணு வருதே, எதுக்கு ரெண்டு? மெத்தைய மட்டும் எடுத்து வெச்சுட்டேன், புதுசுல போட."

எட்வினா போனை வைத்தாள். பிறகு தெல்மாவைக் கூப்பிட்டாள். தெல்மா வீட்டில் இல்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருந்தாள். ஐம்பது வருட அனுபவத்துக்குப் பிறகு, மகனுக்குப் பெருமையாகச் சொல்லவேண்டும் என்று, பின்பக்கமாக நிறுத்தக் கற்றுக்கொண்டிருந்தாள். கிளெமென்ட்டைக் கூப்பிட்டாள். அவர் போதகரிடம் சொல்லிவிட்டதாகவும், ஞாயிறு ஆராதனையில் நன்றி ஜெபம் ஏறெடுப்பதாகவும் சொன்னார்.

நல்லது செய்யப்போய் இப்படி முடிச்சு போட்டுக்கொண்ட பிள்ளையைப் பார்த்துக் கர்த்தர் சிரிப்பாரா, தலையில் குட்டுவாரா என்று எட்வினாவுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுதி. அந்தக் காரை அவள் எடுக்கத்தான் போகிறாள். இந்த மூவரையும் விடுதலை செய்யத்தான் போகிறாள், அவர்கள் அழுதாலும் சரி.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அவள் வாடகைக் காரில் போய் இறங்கியபோது, விற்பனைக்கூட வாசலில் கிளெமென்ட்டின் கார் நின்றிருந்தது. உள்ளே மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நாயோடும் மெத்தையோடும். வழி சொல்ல வந்த மூப்பர் ஹில்டா ஓரமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போடணுமில்ல?" என்றாள் தெல்மா. உதட்டுச்சாயம்கூடப் பூசியிருந்தாள்.

ஷபானா கணினியைத் திறந்தாள். "முதல் கட்டத்துல யாரு?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள்.

"கிளெமென்ட் ஓட்டட்டும்" என்றார் வில்ஃப். "எனக்கு முதுகுவலி."

"சேச்சே. சிஸ்டர் தெல்மா ஓட்டட்டும். நான் ரொம்ப மெதுவா போறேன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஐயோ, நான் எதுக்கு? வேலிய மோதினவ நான். வில்ஃப் பாவம், வண்டிய வித்துட்டாரு."

"பரவால்ல, நீங்களே…"

"இல்லல்ல, நீங்க…"

அந்த ஊரில் கடைசிப் பிஸ்கட் தட்டிலேயே காய்ந்துபோகும், யாரும் எடுக்கமாட்டார்கள். அந்த இரண்டு கட்டங்களும் கால்மணி நேரம் அப்படித்தான் கிடந்தன. கடிகாரம் பத்தை நெருங்கியது.

"யாரையும் எழுதலைன்னாலும் பரவால்ல" என்றாள் ஷபானா, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. "ஆன்ட்டிதானே ஓட்டப்போறாங்க. கை நெம்புகோலெல்லாம் மாட்டித்தானே தரப்போறோம்."

மூன்று தலைகளும் எட்வினா பக்கம் திரும்பின.

"நீயா ஓட்டப்போற?" என்றார் வில்ஃப்.

எட்வினா ஊன்றுகோல்களை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். "ஆமா. நான்தான். சொல்லத் தைரியம் வரல, மன்னிச்சிடுங்க. ஆறு வருஷம் நீங்க என்னைச் சுமந்தீங்க. மழைல, பனில, உங்க கஷ்டத்துக்கு நடுவுல. இனிமே உங்க நேரம் உங்களுக்கு. நான் யாருக்கும் பாரமில்ல."

அவர்கள் கைதட்டுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்படி ஆகும் என்றும் எதிர்பார்க்கவில்லை. தெல்மா கைப்பையில் எதையோ வெகுநேரம் தேடினாள். கிளெமென்ட் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே, "ஸ்தோத்திரம்" என்றார், ஒலியே இல்லாமல். வில்ஃப் மெத்தையை அவள் நாற்காலியில் வைத்து இருமுறை தட்டிச் சரிசெய்தார்.

"உன் சீட்டுல போட்டுக்க கண்ணு."

மூவரும் வெளியே போனார்கள். கண்ணாடிக்கு அப்பால், தூறலில், எங்கே போவதென்று தெரியாதவர்கள்போல நின்றார்கள்.

ஷபானா பேனாவை நீட்டினாள். மூன்று நிமிடம் இருந்தது. எட்வினாவின் கை எழவில்லை.

"ஹில்டா" என்றாள். "அவங்களுக்கு நல்லதுன்னுதானே நினைச்சேன்? பாரத்த இறக்கி வெச்சுட்டேன். அப்புறம் ஏன் இப்படி நிக்கறாங்க? நான் காரே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடட்டுமா?"

ஹில்டா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அடி பைத்தியமே, அந்தப் பட்டியல் உனக்காகப் போட்டதில்ல, இந்த மூணு பேரையும் வீட்டுல தனியா விட பயமா இருக்குன்னு போதகர் அழுதாரு, அதான் வாரத்துல ஒரு நாள் ஒவ்வொருத்தரையா உன் பொறுப்புல விட்டேன், சீக்கிரம் கையெழுத்தப் போடு, திங்கக்கிழமையிலேருந்து அவங்கள யாரு போய்க் கூட்டிட்டு வர்றதாம்?"