எருமையைத் திருப்பிக் கொடுத்த பசிபிக் கல்

கோயில் கட்டியவர்கள் நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வேலை நேரத்தில் தூங்கி எழுந்து பார்த்தபோது கோயில் உண்டாகியிருக்கக் கண்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். பக்தியால் செய்த காரியம் இல்லை அது. முழுக்க முழுக்கச் சோம்பேறித்தனம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. பூந்தமல்லியில் மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு, உலகத்திலேயே பெரிய அறிவாளி நான்தான் என்ற நினைப்போடு திரிந்துகொண்டிருந்தேன். (இரண்டாம் முறை எழுதித்தான் தேறினேன் என்பதை யாரிடமும் சொல்வதில்லை.) அந்த நேரத்தில் ஒரு துரை எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார். ஆள் ஆறடி, கால்சட்டை முழங்கால் வரை, தலையில் தொப்பி. ஏரி ஏரியாகப் போய்க் கல் பொறுக்குவது அவர் உத்தியோகம். அவருக்குக் கூடவே போய்ப் பேச்சை மொழிபெயர்த்து, பொறுக்கிய கல்லைச் சுமப்பது என் உத்தியோகம். காகிதத்தில் "உதவி ஆராய்ச்சியாளர்". ஊர் மொழியில் கல் மூட்டை தூக்குகிறவன்.

துரையின் ஆராய்ச்சி பெரிது. ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி மக்களும், பசிபிக் தீவுகளில் வாழும் பாலினேசிய மக்களும் பழங்காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள், என்ன கருவி செய்தார்கள் என்று பல வருஷம் அங்கேயே சுற்றிப் பார்த்தவர். அந்தக் கருவிகளை நம் பக்கத்து ஆதிமனிதன் செய்த கல் கோடரிகளோடு ஒப்பிட்டுப் புத்தகம் எழுத வந்திருந்தார். ஒப்பிடுவதற்காக ஒரு பாலினேசியக் கல் வாய்ச்சியைத் தீவுக்கார நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார். மரத்தைக் குடைந்து படகு செய்ய அந்த மக்கள் பயன்படுத்தியது. கருகருவென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மினுமினுக்கும். துரை அதைப் பஞ்சில் சுற்றித்தான் வைத்திருப்பார். என்னைவிட அதன்மேல்தான் அவருக்குப் பாசம் அதிகம்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணப் பேச்சு. பெண் பருத்திப்பட்டு நாட்டாண்மையின் மகள் வேதவல்லி. ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நாட்டாண்மை மட்டும் பிடி கொடுக்காமல் இருந்தார்.

"செத்த காலேஜுக்குக் கல்லு பொறுக்கற வேலைன்றாங்க. இது இன்னா வேலைபா? துரை வேலைய நெலையாக்கட்டும். அப்பால பொண்ண பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். (செத்த காலேஜ் என்று எங்கள் பக்கம் சொல்வது மியூசியத்தை.)

துரையும் "இந்த மாதம் பார்க்கிறேன்" என்றிருந்தார். என் வாழ்க்கையே அந்த மாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது கோடை. பருத்திப்பட்டு ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அன்று காலை ஏரிக்குள்ளிருந்து ஆறு அருமையான கல் கோடரிகள் கிடைத்தன. துரைக்குத் தலைகால் புரியவில்லை. ஆவடி ஸ்டேஷனில் வந்திறங்கும் போட்டோக்காரரை அழைத்துவரக் காரில் கிளம்பினார். போகும்போது எனக்கு உத்தரவு: ஆறு கல்லையும் கழுவி, வாய்ச்சியோடு சேர்த்து ஏழாக, படம் எடுக்க வாகாக வரிசையாக நிமிர்த்தி வை. ஒவ்வொன்றிலும் வெள்ளையாகச் சின்னப் பட்டை தீட்டி, காய்ந்ததும் சிவப்பு மசியால் எண் எழுது. ஆராய்ச்சி வழக்கம் அதுதான்.

நான் கழுவினேன். கரைமேல் இருந்த வேப்பமரத்தடியில், வெயில் படாத இடமாகப் பார்த்து, ஏழையும் கிழக்கே பார்த்து நிமிர்த்தி வைத்தேன். சுண்ணாம்பைக் குழைத்துப் பட்டை போட்டேன். சிவப்பு மசிக்குப் போனால் பேனா முள் உடைந்திருந்தது. எண்ணைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று விரலால் தொட்டு ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். படுத்தேன்.

ஏரிக்கரை, வேப்பமரம், கிழக்கே பார்த்த ஏழு கல், வெள்ளைப் பட்டை, சிவப்புப் பொட்டு. எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைகூட இதைப் பார்த்தால் ஏழு கன்னிமார் சாமி என்று கையெடுத்துக் கும்பிடும். மெட்ரிகுலேஷன் படித்த என் மண்டையில் மட்டும் அது உறைக்கவில்லை.

குலவைச் சத்தம் கேட்டு விழித்தேன். என்னைச் சுற்றி முப்பது பெண்கள். ஏழு கல்லும் மஞ்சளில் குளித்திருந்தன. பாலினேசிய வாய்ச்சிக்கு மட்டும் தனியாக அரளிப்பூ மாலை. முன்னால் ஒரு பானை நிறையக் கூழ். பக்கத்தில் ஓர் எருமை நின்று என் தயிர்சாதப் பாத்திரத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா காணாம பூட்ச்சிபா! இங்க வந்து கற்பூரம் ஏத்தறேன், தோ, கரைமேலயே நடந்து வருது!" என்று எருமைக்காரி முனியம்மா என் காலில் விழப் போனாள்.

ஆராய்ச்சியாளன் என்ற முறையில் இவர்களுக்கு அறிவூட்டி அனுப்பிவிடலாம் என்று எழுந்து நின்றேன்.

"அம்மா, இதெல்லாம் சாதாரணக் கல் இல்லை. லட்சக்கணக்கான வருஷத்துப் பழசு!"

"அப்பிடிச் சொல்லு நைனா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நம்ம ஆதி மூதாதைங்க கையால செஞ்சது!"

மறுபடியும் குலவை.

"நடுவுல கீதே, கறுப்பா, இது கடல் தாண்டி வந்தது!"

முனியம்மாவுக்குச் சாமியே வந்துவிட்டது. (வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதி ஊராவது சந்தேகப்பட்டிருக்கும்.)

அந்த நேரம் பார்த்து ஒரு பக்கமிருந்து நாட்டாண்மையும் மறுபக்கமிருந்து துரையின் காரும் வந்து சேர்ந்தன. துரை தன் வாய்ச்சியைப் பார்த்தார். அதன் மாலையைப் பார்த்தார். முகம் குங்கும நிறமானது. "எடு அதை. இப்போதே எடு" என்றார் ஆங்கிலத்தில்.

நான் கையை நீட்டினேன்.

"மாப்ளே" என்றார் நாட்டாண்மை.

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தேன் வந்து காதில் பாய்ந்தது. அடுத்த வாக்கியத்தில் அது வேப்பெண்ணெயாகிவிட்டது.

"அம்மா மேல கை வெச்சியோ, என் ஊட்டுப் பக்கம் தல வெச்சிப் படுக்காத."

கல்லை எடுத்தால் வேதவல்லி இல்லை. எடுக்காவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டாலும் வேதவல்லி இல்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எருமை உள்பட எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள். கடைசியில் அந்தக் கை, என்னைக் கேட்காமலே, போய் இன்னொரு கையோடு சேர்ந்து கும்பிட்டது.

"சாரி சார். ஷீ இஸ் காட் நவ், சார்" என்றேன்.

துரை தொப்பியைக் கழற்றினார். கன்னிமாருக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்து முனியம்மா ஒரு சட்டிக் கூழை அவர் கையில் திணித்தாள். கூடவே கருவாடு. அவர் குடித்தார். இரண்டாவது சட்டியும் குடித்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தார். மனிதர்கள் ஒரு கல்லை எப்படிச் சாமியாக்குகிறார்கள் என்பதைப் பல வருஷம் தீவு தீவாகக் கேட்டுத் திரிந்தவராம். கண்முன்னால் நடந்து பார்த்தது இன்றுதானாம்.

எழுதி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நீ மிக நல்ல ஆராய்ச்சிப் பொருள். மிக மோசமான உதவியாளன். நாளையிலிருந்து வர வேண்டாம்."

போவதற்கு முன் இரவல் கொடுத்த நண்பருக்கு விளக்கக் கடிதத்தை என்னையே எழுத வைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்து எழுதினேன். பொருள்: கல் வாய்ச்சி, ஒன்று. திருப்பி அனுப்ப இயலாத காரணம்: சாமியாகிவிட்டது. துரை ஓர் எழுத்தும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

வேலை போன முகத்தோடு நாட்டாண்மை முன் போய் நின்றேன். அவர் என் முதுகில் ஒன்று போட்டார். "வேலதானே, பூட்டுப் போவுது உடு. ஊருக்கு அம்மாவ கொணாந்து வெச்சவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?"

கல்யாணமாகி ஒரு வாரம் மனசாட்சி குத்திக்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல் வேதவல்லியிடம் உண்மையைச் சொன்னேன். சுண்ணாம்பு, சிவப்பு மசி, தூக்கம், எல்லாம்.

"தெரியும்" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே. "நீ பொட்டு வெக்கறப்ப நான் கரைக்குக் கீழ கேணியாண்ட துணி தொவச்சிகினு இருந்தேன். துரை ஊருக்குப் பூட்டா உன் வேலை எங்க நெலைக்கும்? எங்க நைனாவும் வேற எடம் பார்க்க ஆரமிச்சிட்டாரு. அதான், ஏரிக்கரைல கன்னிமாரு வந்துகீறாங்கன்னு முனியம்மா காதுல போட்டேன்."

"அப்ப அந்த எருமை?" என்றேன்.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "அது தானாத்தான் வந்துச்சி. அத நெனச்சா எனக்கே கொஞ்சம் பயம்தான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தொலைவதில்லை. குடை போனாலும், பிள்ளைகளின் பரீட்சை மார்க் போனாலும், என் தலைமுடி போனாலும் ஒரே பதில்தான்: சாமியாகிவிட்டது. போன வாரம் என் பல் செட்டைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினேன். கேட்டதும் பேரன் ஓடிப்போய்க் கற்பூரம் எடுத்து வந்துவிட்டான். வேதவல்லி மட்டும் அவசரமாகத் தடுத்தாள்.

"ஏத்தாதடா. உங்க தாத்தா கை பட்டதாச்சே, நெஜமாவே சாமியா வந்து ஒக்காந்துடும்!"