ஆறு ஓட்டமும் ஒரே ஓட்டம்

இந்த வருஷம் ப்ளோவ்திவ் நகரத்தில் எங்கள் பேட்டையின் நாற்பது வயது தாண்டியவர்களுக்கான கால்பந்து அணியில் இடம் பிடிக்காமல் விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். ஒரே ஒரு இடைஞ்சல். ஆள் எடுப்பவள் என் மனைவி நெவேனா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவள் விசில் ஊதினால் தெருநாய்கூட வரிசையில் நிற்கும்.

"முப்பத்தஞ்சு மீட்டர். ஆறு தடவை ஓடணும். நடுவுல பத்து செகண்ட்தான் மூச்சு வாங்கலாம்."

"புருஷனுக்குமா?"

"புருஷனுக்குத்தான் முதல்ல!"

பக்கத்து வீட்டு அசென் என் காதைக் கடித்தான். "டேய் க்ரூம், அவங்க வேகத்தை மட்டும் பாக்கறதில்லடா. முதல் ஓட்டத்துலேருந்து கடைசி ஓட்டத்துக்கு எவ்வளவு இறங்குதுன்னும் பாக்கறாங்க. போன வருஷம் நான் அதுலதான் அவுட்."

எனக்குப் பொறி தட்டியது. ஏறினால்தானே இறங்குவதற்கு! முதல் ஓட்டத்தையே தயிர் வாங்கப் போகிறவன் மாதிரி ஓடினேன். இரண்டாவதும் அப்படியே. ஆறாவது முடிந்தபோது அசென் புல்லில் குப்புறக் கிடந்தான். நான் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

நெவேனா கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடேயப்பா! இறக்கமே இல்லையே. உனக்குக் களைப்பே வராதா க்ரூம்?"

"பரம்பரை உடம்பு!"

"இத்தனை வருஷமா தெரியாம போச்சே. எங்க அண்ணன் வாசல்ல ஆறு மூட்டை குடைமிளகாய் இறக்கிட்டுப் போயிருக்கான். லிஃப்ட் வேற ரிப்பேர். நாலு மாடிதானே? மூட்டைக்கு மூட்டை பத்து செகண்ட் ஓய்வு எடுத்துக்கோ."

முதல் மூட்டையை ரோஷத்தில் பறந்து கொண்டுபோய்ப் போட்டேன். மூன்றாவதில் முட்டி முனகியது. ஐந்தாவதில் என் பெயர் மறந்தது. ஆறாவதை நான் தூக்கினேனா, அது என்னைத் தூக்கியதா, தெரியவில்லை. மாடிப்படி உச்சியில் அதே ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டிருந்தாள் மகராசி.

"முதல் மூட்டைக்கு என்னா வேகம்! கடைசி மூட்டைக்கு என்னா இறக்கம்! மைதானத்துல இதையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

மூச்சு வாங்க அப்படியே படியில் உட்கார்ந்தேன். கோபம் வரவேண்டிய நேரத்தில் எனக்குப் பெருமைதான் வந்தது. இப்படி ஒரு மூளைக்காரியைக் கட்டிக்கொள்ளக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"அப்ப... அணியில... நான்?"

"இல்லாமயா? களைப்பே வராத ஆள்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே!"

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும்வரை, பதினோரு பேருக்கும் நான்தான் தண்ணீர் தூக்கினேன்.